ஒரு நாளைக்கு 33 ரூபாய்

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு மதியச் சாப்பாட்டுக் கவலை இல்லை. காமராசர் காலத்து மதிய உணவு, 1982-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவாக விரிந்து, இன்று பத்தாம் வகுப்பு வரை கூடவே வருகிறது. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2022 முதல் காலைச் சிற்றுண்டியும் சேர்ந்துகொண்டது. பதினொன்றாம் வகுப்பில் அந்தத் தட்டு நின்றுபோகிறது. வளர்கிற உடம்புக்குப் பசி அதிகமாக இருக்கும் வயதும் அதுதான். அதிலிருந்து இரண்டு வருஷத்தில் அந்தப் பிள்ளை தருமபுரியிலிருந்தோ கள்ளக்குறிச்சியிலிருந்தோ பெட்டியோடு சென்னையில் வந்து இறங்குகிறான். காலை, மதியம், இரவு மூன்று வேளையும் இனி அவன் பொறுப்பு.

அரசு அவனை அடியோடு மறந்துவிடவில்லை. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் தருவது 2022 செப்டம்பரில் தொடங்கியது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் வந்தது. வீட்டில் கேட்காமல் கையில் வரும் பணம் என்பதால் பிள்ளைகளுக்கு அதன் மதிப்பு ரொம்பப் பெரிது. முப்பது நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு 33 ரூபாய் வருகிறது. சென்னை டீக்கடையில் அது ஒரு டீயும் ஒரு வடையும். தெருவைப் பொறுத்து இன்னொரு வடை கிடைக்கலாம். மிச்சத்தை வீடு அனுப்ப வேண்டும், அல்லது அவனே சம்பாதிக்க வேண்டும்.

இந்தக் கணக்கைச் சுமந்துகொண்டு வருகிறவர்களுக்குச் சோறு போட்டே ஒரு பேட்டை பெயர் வாங்கியிருக்கிறது என்றால் அது திருவல்லிக்கேணி.

மேன்ஷனும் மெஸ்ஸும்

மாநிலக் கல்லூரியும் சென்னைப் பல்கலைக்கழகமும் நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. அண்ணா சாலையும் அரசு அலுவலகங்களும் பக்கம். அதனால் வேலை தேடி வந்தவர்கள், படிக்க வந்தவர்கள், போட்டித் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் எல்லோரும் தலைமுறை தலைமுறையாகத் திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் தங்கினார்கள். மேன்ஷன் அறையில் கட்டில் இருக்கும், ஆணி அடித்த சுவர் இருக்கும், அடுப்பு இருக்காது. சமைக்க விடமாட்டார்கள். ஆயிரக்கணக்கான ஆண்கள் சமையலறை இல்லாமல் வாழும் இடத்தில் தெருவே சமையலறையாக வேண்டியிருந்தது. மெஸ்கள் அப்படித்தான் முளைத்தன. பேச்சிலர்களின் வயிற்றையும் சட்டைப் பையையும் ஒருசேரத் தெரிந்துகொண்ட கடைகள் அவை.

நியாய விலைக்குப் பொருள் விற்பது இந்தப் பேட்டைக்குப் புதிதும் அல்ல. திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் 1904-ல் இங்கேதான் தொடங்கியது. இந்தியாவின் மிகப் பழைய நுகர்வோர் கூட்டுறவுச் சங்கங்களில் அது ஒன்று. 1948-ல் வந்த ரத்னா கபே இட்லியைச் சாம்பாரில் மூழ்கடித்துக் கொடுத்துப் பேர் வாங்கியது. சாம்பார் தீரத் தீர வாளியோடு வந்து ஊற்றுவார்கள். இரண்டே இட்லிக்குக் காசு வைத்திருப்பவன் அந்தச் சாம்பாரால்தான் வயிறு நிறைந்து எழுவான். சேப்பாக்கம் பக்கம் 1961-லிருந்து இருக்கும் நாயர் மெஸ்ஸில் மீன் வறுவலுக்காகத் தூரத்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். அக்பர் சாகிப் தெருவில் காசி விநாயகா மெஸ்ஸின் வாசலில் டோக்கனோடு நிற்கும் கூட்டத்தைப் பார்க்காமல் அந்தத் தெருவைக் கடக்க முடியாது.

மதியம் ஒரு மணிக்கு மேல் இந்தப் பக்கத்து மெஸ் ஒன்றுக்குள் நுழைந்து பாருங்கள். முதலில் கல்லாவில் காசு கட்டி டோக்கன் வாங்க வேண்டும். அளவுச் சாப்பாடா, முழுச் சாப்பாடா என்பதை அங்கேயே முடிவு செய்துவிட வேண்டும். உள்ளே நாற்காலி காலியாக இருக்காது. சாப்பிடுகிறவர்களின் இலையை நோட்டம் விடுங்கள். சாம்பாரில் இருப்பவர் பின்னால் நின்றால் கால் கடுக்கும். மோருக்கு வந்துவிட்டவர் யாரென்று பார்த்து அவர் முதுகுப் பக்கம் நிற்பதுதான் இங்கே நடைமுறை. புதிதாக வந்த பையனுக்கு இது கூச்சமாக இருக்கும். சாப்பிடுகிறவருக்குக் கொஞ்சமும் இருக்காது, ஐந்து நிமிஷம் முன்பு அவரும் அப்படித்தான் நின்றார். அவர் எழுந்ததும் இலை போகும், மேஜை துடைக்கப்படும், புது இலை விழும். தண்ணீர் தெளித்துத் துடைப்பதற்குள் பொரியல், கூட்டு, ஊறுகாய், அப்பளம் வந்துவிடும். பரிமாறுகிற அண்ணன் முகத்தைப் பார்ப்பதில்லை, இலையைத்தான் பார்க்கிறார். சோற்று மேட்டில் குழி பறித்துக் காத்திருக்கும் கைக்குச் சாம்பார் விழுகிறது. அடுத்து காரக்குழம்பு, ரசம், மோர். "இன்னும் கொஞ்சம் வைக்கவா தம்பி?" என்று கேட்டுக்கொண்டே பாதி கரண்டி வைத்துவிடுகிறார்.

அந்தப் பாதி கரண்டிதான் என் கண்ணில் மெஸ்ஸின் உயிர். விலைப்பட்டியலில் அது இல்லை. ஆனால் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்த பையனுக்கு அந்த ஒரே சாப்பாடு இரண்டு வேளைச் சாப்பாடாக மாறுவது அதனால்தான். அவன் பசி எவ்வளவு என்று யாரும் அவனை வாய் திறந்து சொல்ல வைப்பதில்லை.

குழம்புக்குக் காசில்லை

குறைந்த காசில் வெளியே சாப்பிடுவது ஒரு படிப்பு. சீனியர்கள் ஜூனியர்களுக்குச் சொல்லிக் கொடுத்துக் கொடுத்தே அது வளர்ந்திருக்கிறது.

அசைவ மெஸ்ஸில் சாப்பாட்டோடு மீன் குழம்பு, கறிக் குழம்பு, கோழிக் குழம்பு மூன்றும் வரும், அவற்றுக்குத் தனிக் காசு கிடையாது. வறுவலுக்குத்தான் காசு. பெரிய தட்டில் சுக்காவும் வஞ்சிரமும் ஈரலும் அடுக்கி மேஜை மேஜையாகக் கொண்டுவந்து காட்டுவார்கள். மணம் தூக்கும். அந்தத் தட்டைப் பார்த்து "வேணாம்ணே" என்று சொல்லப் பழகிக்கொண்டவன் சைவச் சாப்பாட்டு விலையில் அசைவ ருசியோடு எழுந்து போகலாம். ஒரு ஆம்லெட்டோ ஆஃப் பாயிலோ சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது. மாணவனின் தட்டில் புரதத்துக்கு மலிவான வழி முட்டைதான். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் இருக்கிறது.

பிரியாணிக் கடையில் குஸ்கா. அதே அண்டாவின் சோறு, அதே மசாலா, கறித்துண்டு மட்டும் இருக்காது. பரோட்டாக் கடையில் சால்னா. மதுரைப் பக்கத்தில் கறி போடாத சால்னாவை எம்டி சால்னா என்பார்கள். இரண்டு பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, சால்னாவை மறுபடி மறுபடி வாங்கி ஊறவைத்துச் சாப்பிட்டால் ராத்திரிக்குப் போதும். பாரிமுனைப் பக்கம் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த அத்தோ எனும் நூடுல்ஸ் கடைகளில் வாழைத்தண்டு சூப்பைத் தட்டோடு தாராளமாக ஊற்றித் தருவார்கள்.

பார்சல் சாப்பாட்டின் ரகசியம் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்ததுதான். கடையில் உட்கார்ந்து ஒருவர் சாப்பிடுவதைவிடப் பொட்டலத்தில் சோறு கூடுதலாக இருக்கும். ஒரு பார்சலை அறைக்குக் கொண்டுபோய், செய்தித்தாளை விரித்து இரண்டு பேர் பிரித்துக்கொள்வது மேன்ஷன் வழக்கம். தேர்வுக் காலத்தில் மூன்று பேர்கூட. கடைக்காரர்களுக்கும் இது தெரியும், தெரிந்தேதான் கட்டுகிறார்கள்.

இந்தப் படிப்பில் ஒரு பாடம் மட்டும் தப்பு. காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு டீயும் பிஸ்கட்டுமாகப் பதினொரு மணி வரை ஓட்டுவதைச் சிக்கனம் என்று நினைக்கிறார்கள். வகுப்பில் கண் சொருகும், மதியம் கிடைத்ததை அள்ளிப் போட்டுக்கொள்ளச் சொல்லும், நாளடைவில் வயிற்றுக்கும் தொந்தரவு கொடுக்கலாம். மிச்சம் பிடித்த காசு மருந்துக் கடைக்குப் போகும். இட்லி மலிவாகக் கிடைக்கும் ஊரில் காலையில் பட்டினி இருக்க வேண்டியதே இல்லை.

ஒரு ரூபாய் இட்லி

2013 பிப்ரவரியில் சென்னை மாநகராட்சி தொடங்கிய அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய். பொங்கல் 5 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். இரவில் இரண்டு சப்பாத்தி பருப்புக் கடைசலோடு 3 ரூபாய். மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள் சமைத்துப் பரிமாறுகிறார்கள். காலையில் நான்கு இட்லி, மதியம் சாம்பார் சாதமும் தயிர் சாதமும், இரவு நான்கு சப்பாத்தி என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 18 ரூபாய்தான். மாதம் 1,000 ரூபாய் வாங்கும் மாணவியின் ஒரு நாள் பங்கில் இன்னும் 15 ரூபாய் மிச்சம் இருக்கும்.

மாணவர்கள் ஏன் அங்கே போதுமான அளவில் போவதில்லை? கூச்சம் ஒரு காரணம். "அங்கயா சாப்பிடுற?" என்று வகுப்பில் யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயம். கூலி வேலைக்குப் போகிறவரும் ஆட்டோ ஓட்டுகிறவரும் நின்று சாப்பிடும் மேஜையில் கல்லூரிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்பதில் என்ன குறைந்துபோகிறது? ஒன்றுமே இல்லை. அந்த உணவகங்களைப் பராமரிப்பதில் குறைகள் உண்டு. சில இடங்களில் சாம்பார் நீர்த்துப்போய் இருக்கும், சில இடங்களில் சீக்கிரமே தீர்ந்துவிடும். ஆனால் இந்த விலைக்கு, உட்கார்ந்தோ நின்றோ, யாரும் விரட்டாமல் சூடாக ஒரு சாப்பாடு கிடைப்பது எந்த நகரத்துக்கும் பெருமை. அதை ஆட்சிக்கு ஆட்சி நடக்கும் அரசியலாக மட்டும் பார்த்துவிடக் கூடாது.

பெண் பிள்ளைகள் எங்கே உட்காருவது?

இதுவரை சொன்ன இடங்களை மனசில் ஓட்டிப் பாருங்கள். மேன்ஷன், மெஸ், பரோட்டாக் கடை, டீக்கடை. எல்லாமே ஆண்களின் இடங்கள். மேன்ஷனில் பெண்களுக்கு அறை கிடையாது. முதுகுக்குப் பின்னால் ஆள் நிற்கும் மெஸ்ஸில் ஒரு மாணவி தனியாக இலை போட்டு உட்காருவதற்குப் பெரிய துணிச்சல் வேண்டும். டீக்கடை வாசலில் நின்று டீ குடிக்கும் பெண்ணை இன்றும் நாலு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள். இரவு பத்து மணிக்குக் கொத்துப் பரோட்டாச் சத்தம் கேட்கும்போது அவள் பெண்கள் விடுதியின் கேட்டுக்குள் இருப்பாள். கேட் பூட்டியிருக்கும்.

அவளுக்கு மிச்சமிருப்பது விடுதிச் சாப்பாடு. பல தனியார் விடுதிகளில் வாடகையோடு சாப்பாட்டுக்கும் சேர்த்தே வாங்கிவிடுகிறார்கள். பிடிக்கவில்லை என்று வெளியே சாப்பிட்டால் இரட்டைச் செலவு. அதனால் அவள் ஒரு கஃபேயில் நூறு, நூற்றைம்பது கொடுத்து ஒரு கோல்டு காபியை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, வீண் செலவு என்று சொல்லிவிடாதீர்கள். அவள் காபிக்குக் கொடுப்பதில் பெரும்பங்கு அந்த நாற்காலிக்கான வாடகை. சுத்தமான கழிப்பறை இருக்கிறது, வெளிச்சம் இருக்கிறது, தோழியோடு சத்தமாகச் சிரித்தால் யாரும் முறைப்பதில்லை. தம்பிக்கு டீக்கடை பெஞ்சில் சும்மா கிடைப்பதை அக்கா காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது.

நகரத்தில் சில மெஸ்கள் குடும்பம், பெண்கள் என்று தனியாக இடம் ஒதுக்கியிருக்கின்றன. பெண்களே நடத்தும் மாமி மெஸ், அக்கா கடைகளில் மாணவிகள் தயங்காமல் உட்காருகிறார்கள். இதைக் கவனித்துச் செய்யும் கடைக்காரருக்கு வியாபாரமும் கூடும். நான்கு மேஜையில் ஒன்றைப் பெண்களுக்கு ஒதுக்க முதலீடு எதுவும் தேவையில்லை.

ட்ரீட்டும் ஆப்பும்

மாணவர்களின் மாதக் கணக்கைக் கவிழ்ப்பது அன்றாடச் சாப்பாடு இல்லை. ஒன்று ட்ரீட், இன்னொன்று உணவு டெலிவரி ஆப்.

பிறந்த நாள், பிளேஸ்மென்ட், அரியர் கிளியர், எதற்கெடுத்தாலும் ட்ரீட். கொடுக்கிறவனுக்கு ஒரு மாதச் சாப்பாட்டுக் காசு ஒரே ராத்திரியில் போகும். கொடுக்க முடியாதவன் பிறந்த நாளன்று போனை அணைத்துவிட்டு ஊருக்குப் போய்விடுகிறான். பில்லைப் பிரித்துக்கொள்வதிலும் ஒரு வலி இருக்கிறது. ஆறு பேர் போய், ஐந்து பேர் பிரியாணியும் கிரில் சிக்கனும் சாப்பிட்டு, ஒருவன் மட்டும் லெமன் ஜூஸ் குடித்திருப்பான். பில்லை ஆறால் வகுத்து யுபிஐயில் அனுப்பச் சொல்வார்கள். அவன் வாய் திறக்காமல் அனுப்பிவிடுவான். அந்த வாரம் அவன் எந்த வேளைச் சாப்பாட்டை விட்டான் என்று மற்ற ஐந்து பேருக்கும் தெரியாது. அவரவர் சாப்பிட்டதற்கு அவரவர் கொடுப்பது என்று குழுவில் யாராவது முதலில் சொல்லிவிட்டால் போதும். அதைச் சொல்ல வேண்டியவன் காசு இருக்கிறவன்.

ஆப்பில் அதே சாப்பாட்டின் விலை பெரும்பாலும் கடையில் எழுதியிருப்பதைவிடக் கூடுதல். அதற்கு மேல் பேக்கிங், டெலிவரி, பிளாட்ஃபார்ம் கட்டணம், வரி. தள்ளுபடி என்று பெரிய எழுத்தில் வரும், கடைசியில் கொடுக்கும் தொகை சின்ன எழுத்தில் இருக்கும். அரை கிலோமீட்டர் நடந்தால் மிச்சமாகும் காசு அடுத்த நாள் காலைச் சாப்பாட்டுக்கு ஆகும்.

கஃபேக்கோ ஏசி ஓட்டலுக்கோ போனால் பில்லைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள். சாதாரண உணவகங்களில் ஜிஎஸ்டி 5 சதவீதம், 2017 நவம்பர் முதல் ஏசி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே விகிதம்தான். தொகுப்பு வரி முறையில் இருக்கும் சிறு கடைகள் வாடிக்கையாளரிடம் ஜிஎஸ்டி என்று தனியாக வாங்கவே கூடாது. சேவைக் கட்டணம் என்று ஒரு வரி இருந்தால் அது கட்டாயம் இல்லை. பில்லில் அதைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னதை, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. "இதை எடுத்துடுங்க" என்று மரியாதையாகச் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது.

கல்லாவுக்கு அந்தப் பக்கம்

ஜெயமோகனின் 'சோற்றுக்கணக்கு' கதையைப் படித்தவர்கள் கெத்தேல் சாகிப்பை மறந்திருக்க மாட்டார்கள். திருவனந்தபுரத்தின் சாலை பஜாரில் சோற்றுக்கடை வைத்து, காசு எவ்வளவு என்று கேட்காமல் வயிறு நிறையப் போட்ட மனிதர். படிக்க வந்து பட்டினி கிடந்த பையன் ஒருவன் அவர் கையால் சாப்பிட்டு மீண்டதுதான் கதை. அந்தக் கதையைச் சொல்லித் திருவல்லிக்கேணி மெஸ்காரரிடம் போய் நிற்பது நியாயமில்லை. அவர் தர்மசாலை நடத்தவில்லை, கடை நடத்துகிறார். மாணவனும் தர்மத்துக்கு வரவில்லை. கையில் இருக்கும் காசுக்குத் தலை நிமிர்ந்து சாப்பிட வருகிறான். இந்த உறவு நீடிக்க இரண்டு பக்கக் கணக்கும் நிற்க வேண்டும்.

அந்தப் பக்கக் கணக்கு இறுகிக்கொண்டே போகிறது. கடைக்கு 19 கிலோ வணிக சிலிண்டர். வீட்டு சிலிண்டருக்கு 5 சதவீத ஜிஎஸ்டி, இதற்கு 18 சதவீதம். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி எண்ணெய் நிறுவனங்கள் விலையை மாற்றும், அது ஏறுமா இறங்குமா என்று பார்த்தபடிதான் மாதம் விடியும். அரிசி, பருப்பு, எண்ணெய் ஒரு பக்கம், வாடகை இன்னொரு பக்கம். ஆள் கிடைப்பதில்லை. பரோட்டா மாஸ்டர் ஒருவர் போய்விட்டால் கடையே ஆட்டம் காணும். இத்தனைக்கும் சாப்பாட்டு விலையை ஐந்து ரூபாய் ஏற்றுவதற்கு முன் மெஸ்காரர் பல வாரம் யோசிக்கிறார், ஏற்றினால் பையன்கள் ஒரு வேளையைக் குறைத்துக்கொள்வார்கள் என்று அவருக்குத் தெரியும். அதற்குப் பதிலாகக் கூட்டு மெலிகிறது, வெங்காயம் விலை ஏறும் மாதத்தில் பொரியல் முட்டைக்கோஸாகவே வருகிறது. பழைய கட்டடம் இடிபட்டு அடுக்கு மாடி வரும்போது தரைத்தளத்து மெஸ்ஸுக்குப் புது வாடகை கட்டுப்படியாவதில்லை. அது போய்விட்டால், அந்தத் தெருவில் அந்த விலைக்குச் சாப்பாடு போட இன்னொருவர் வரமாட்டார்.

மெஸ் விலையும் எட்டாதவர்களைத் தேடினால், சனி, ஞாயிறு, முகூர்த்த நாட்களில் கல்யாண மண்டபப் பந்தியைக் கவனித்துப் பாருங்கள். ஒரே நிறச் சட்டை போட்டுப் பரிமாறுகிற பையன்களில் பலர் கல்லூரி மாணவர்கள். கேட்டரிங் வேலைக்கு அன்றன்றைக்குக் கூலி, கடைசிப் பந்தியில் சாப்பாடு. வாரத்தில் வயிறார ஒரு வேளை அதுதான் என்று இருக்கும் பிள்ளைகள் அந்த வரிசையில் உண்டு. முதல் தலைமுறைப் பட்டதாரிகளை உருவாக்கியதற்காக மார் தட்டிக்கொள்ளும் மாநிலம் இதைப் பார்க்காமல் இருக்கக் கூடாது.

மெஸ்காரரின் நல்ல மனசை மட்டும் நம்பி இந்தப் பிள்ளைகளின் பசியை விட்டுவிட முடியாது. அம்மா உணவகத்தைச் சென்னையின் அரசு மருத்துவமனை வளாகங்களுக்குள்ளும் கொண்டுவந்தார்கள். நோயாளியைப் பார்த்துக்கொள்ள வந்தவர் பட்டினி கிடக்கக் கூடாது என்று தோன்றிய அரசுக்கு, அரசுக் கலைக் கல்லூரி வளாகங்கள் ஏன் இன்னும் கண்ணில் படவில்லை? பல அரசுக் கல்லூரிகளில் சுழற்சி முறையில் காலை ஒரு ஷிப்ட், பிற்பகல் ஒரு ஷிப்ட் நடக்கிறது. முதல் ஷிப்டுக்கு வரும் பிள்ளைகள் விடியற்காலைப் பஸ்ஸில் வெறும் வயிற்றோடு கிளம்புகிறார்கள். முதல் ஷிப்ட் முடியும் நேரத்தில் இரண்டாவது ஷிப்ட் பிள்ளைகளும் வளாகத்துக்குள் வந்துவிடுகிறார்கள். வகுப்பு தொடங்கும் முன் இட்லியும், ஷிப்ட் மாறும் வேளையில் சாம்பார் சாதமும் போட ஒரு சமையற்கூடம் போதும். ஒரே அண்டாவில் இரண்டு ஷிப்டும் சாப்பிட்டுவிடும். விலையை யோசிக்க ஒரு குழு போட வேண்டியதில்லை, இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய் என்று 2013-லேயே பலகையில் எழுதியாகிவிட்டது.